அறுபத்து நான்கு கூடுகள்

7 ஏப்ரல் 2025, திங்கள். ஷார்ஜா

ஏஜென்சி அனுப்பிய சூழலியல் நிபுணர் இரண்டாம் நாளே ராஜினாமா செய்துவிட்டார். மின்னஞ்சலில் ஒரே வரி. சேறு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

மேனேஜர் சாதிக் பாட்ஷா காலையிலிருந்து எல்லோருடைய பயோடேட்டாவையும் புரட்டிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"அனந்தகிருஷ்ணன், நீங்க சுவாலஜியா?"

"முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி சார்."

"அதுக்குள்ள மிருகமெல்லாம் மாறியா போயிருக்கும்?"

நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர். இந்த கன்சல்டன்சியில் பத்தொன்பது வருடமாக வருகிற காகிதத்துக்கு எண் போடுகிறேன், போகிற காகிதத்துக்கும் எண் போடுகிறேன். நாளை மறுநாள் முதல் உம்முல் குவைனுக்கு அப்பால் ஒரு கோரில் இறங்க வேண்டும். கோர் என்றால் கடல் உள்ளே புகுந்து நிற்கும் உப்பங்கழி. அங்கே ஒரு அலையாத்திக் காடு இருக்கிறது. அதன் செடிகொடிகளையும் உயிரினங்களையும் கணக்கெடுத்து அறிக்கை தர வேண்டும். படகுத்துறையும் வில்லாக்களும் வரப்போகும் இடம். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் கோரின் பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை.

8 ஏப்ரல்

ஜலஜாவிடம் சொன்னேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர்.

"உங்களையா? கரப்பான்பூச்சி வந்தா என்னைக் கூப்பிடற ஆளு நீங்க."

மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

9 ஏப்ரல்

முதல் நாள். துணைக்கு ஹிஃப்ஸா. சர்வே பிரிவில் வரைபடம் போடுகிற பெண், இருபத்தேழு வயது. காயல்பட்டினத்துக் குடும்பம், ஆனால் பிறந்ததே ஷார்ஜாவில். ஜி.பி.எஸ். கருவியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். வாப்பாவுக்கு டயாலிசிஸ். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான் என்று போகிற வழியில் தெரிந்துகொண்டேன். அவள் சொன்ன தொனியில் அது வானிலைச் செய்தி போல இருந்தது.

படிவத்தில் முதல் கேள்வி: முதன்மை மர இனங்கள், குறைந்தது ஐந்து. காடு முழுவதும் நடந்தோம். ஒரே இனம். வெண்கண்டல். படிவத்தில் ஐந்து கோடுகள் இருந்தன. முதல் கோட்டில் வெண்கண்டல் என்று எழுதி மற்ற நான்கையும் அடித்தேன்.

மரத்தைச் சுற்றி மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. பென்சில்களைச் செருகி வைத்த மாதிரி. இலையின் அடியில் வெள்ளையாகப் பொடி. நக்கிப் பார்த்தேன். உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாகத் துப்பிவிடுகிறது. இது எனக்கு இரண்டாம் ஆண்டு பரீட்சையில் கேட்ட கேள்வி. அன்று எழுதவில்லை.

"அங்கிள், சாப்பிடறீங்களா?" என்றாள் ஹிஃப்ஸா.

"டெஸ்ட் பண்றேன்."

"ஓகே."

கரையோரம் உமரி படர்ந்திருக்கிறது. சிவப்பும் பச்சையுமாக, மணி கோத்தது போல. ஆக, தாவரங்கள் இரண்டு.

10 ஏப்ரல்

உடம்பு வலி.

15 ஏப்ரல்

நண்டு எண்ணும் முறை. பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரத்தைச் சேற்றில் போட வேண்டும். நம் காலடி கேட்டதும் நண்டுகள் வளைக்குள் போய்விடும். அசையாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது எண்ண வேண்டும்.

அசையாமல் நிற்பது எனக்குக் கைவந்தது. பத்தொன்பது வருட அலுவலக அனுபவம்.

முதல் சதுரத்தில் பதினேழு. ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் பெரிது. தன் உடம்பை விடப் பெரிய கை. அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. எதிரே இருக்கும் பெண் நண்டு பார்க்கவே இல்லை. பார்க்காதது பற்றி ஆணுக்குக் கவலையும் இல்லை. பத்து நிமிடம் இதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஹிஃப்ஸா கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

22 ஏப்ரல்

ஆழமில்லாத இடத்தில் ஜெல்லிமீன்கள் மல்லாந்து படுத்திருந்தன. செத்துவிட்டன என்று எழுதினேன். ஹிஃப்ஸா போனில் தேடிப் பார்த்து, அவை வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கிடக்கும், வெயில் வாங்குகின்றன என்றாள். அடித்து எழுதினேன்.

மணல்மேட்டில் நரியின் காலடி. நரியைப் பார்க்கவில்லை. அது எங்களைப் பார்த்திருக்கும்.

சாப்பாட்டு மேசையில் ஜலஜாவிடம் இதையெல்லாம் சொன்னேன் போலிருக்கிறது. "இருபத்தாறு வருஷத்துல ஆபீஸ் விஷயம் இவ்வளவு நேரம் பேசினது இதான் முதல் தடவை" என்றாள். குறையா பாராட்டா என்று கேட்கவில்லை.

29 ஏப்ரல்

இன்று சேற்றில் மாட்டிக்கொண்டேன்.

கோரின் நடுவில் தீவு மாதிரி ஒரு திட்டு, அடர்ந்த மரங்கள். இறங்குநீர் நேரத்தில் நடந்தே போகலாம் என்று வரைபடம் சொன்னது. வரைபடம் போட்டவள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். திட்டுக்கு நாலடி இருக்கும்போது வலது கால் முழங்கால் வரை இறங்கியது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அதுவும் இறங்கியது. பிறகு இரண்டும் சேர்ந்து தொடை வரை போய் நின்றன.

"அங்கிள், ஸ்டக்கா?"

"ஆமா."

"அசையாதீங்க. அசைஞ்சா இன்னும் உள்ள போகும்."

அவளால் இழுக்க முடியவில்லை. இழுத்ததில் அவளும் ஒரு செருப்பை இழந்தாள். கடல்நீர் ஏறத் தொடங்க எவ்வளவு நேரம் என்று கேட்டேன். போனைப் பார்த்தாள். "கரையில இருக்கற ஷெட்ல யாராவது இருப்பாங்க" என்று ஒற்றைச் செருப்போடு ஓடினாள்.

தனியாக நின்றேன். நிற்பதைத் தவிர வேறு எதற்கும் வழி இல்லை. கொஞ்ச நேரத்தில் நண்டுகள் என்னையும் ஒரு மரமாகக் கணக்கெடுத்துக்கொண்டு வெளியே வந்தன. தண்ணீர் வர ஆரம்பித்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. பார்க்கும்போதெல்லாம் ஒரு விரல் கூடியிருந்தது. இடுப்பு வந்தது. பயந்தேன். பயமில்லை என்று எழுதினால் யார் படித்துப் பாராட்டப் போகிறார்கள்? மகள் தாரிணிக்கு அடுத்த மாதம் கடைசிப் பரீட்சை, அவளிடம் யார் போன் பண்ணிச் சொல்வார்கள் என்று ஓடியது. அவள் அம்மா சொல்லக் கூடாது, அழுதுவிடுவாள். பாட்ஷா சார் சொல்லலாம். அவர் பதமாகச் சொல்வார்.

அப்போது தலையில் ஏதோ விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். பாதி செரித்த மீன்.

நிமிர்ந்தேன். தலைக்கு மேலே சுள்ளிக்கூடு. விளிம்பில் மூன்று கழுத்துகள். பஞ்சுத்தலை, பெரிய அலகு, மிகக் கோபமான முகம். கரைக்கொக்குக் குஞ்சுகள். பயந்தால் தின்றதைக் கக்கும். பக்கத்து மரத்தில் இன்னொரு கூடு. அதற்குப் பின்னால் இரண்டு. தாய்க்கொக்கு ஒன்று கருஞ்சாம்பல், அதன் துணை வெள்ளை. இரண்டும் ஒரே இனம், நிறம் மட்டும் வேறு. எண்ண ஆரம்பித்தேன். எண்ணும்போது பயம் குறைந்தது. முப்பத்தொன்று வரை வந்தபோது தண்ணீர் நெஞ்சில் இருந்தது.

ஹிஃப்ஸா வந்தாள். கூடவே ஷெட் காவல்காரர் சுஐபு, ஒரு பழைய கதவைத் தலையில் சுமந்துகொண்டு. கதவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதில் குப்புறப் படுத்து, என் கையிடுக்கில் கயிறு கட்டி இழுத்தார்கள். கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றேன்.

"ஐம்பது மினிட்ஸ். ஆர் யூ ஓகே, அங்கிள்?"

"முப்பத்தொண்ணு கூடு. நோட் பண்ணிக்கோ."

அவள் கரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு நோட் பண்ணிக்கொண்டாள்.

ஜலஜாவிடம் கால் வழுக்கியது என்று மட்டும் சொன்னேன்.

6 மே

சுஐபுவின் தோணியில் போய் முறையாக எண்ணினோம். நீளக் குச்சி நுனியில் கண்ணாடி கட்டிக் கூட்டுக்குள் பார்த்தோம். மொத்தம் அறுபத்து நான்கு கூடுகள். சிலவற்றில் நீலப்பச்சை முட்டைகள், மற்றவற்றில் குஞ்சுகள். ஒவ்வொரு கூட்டுக்கும் ஹிஃப்ஸா வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். இருவருமே இரண்டு முறை எண்ணினோம்.

12 மே

அறிக்கையை பாட்ஷா சாரிடம் கொடுத்தேன். டீ வரவழைத்தார். கதவைச் சாத்தினார்.

"அறுபத்துநாலா?"

"அறுபத்துநாலு சார்."

"ஜூன் ஒண்ணாம் தேதி டிரெட்ஜர் வருது. அந்தத் திட்டைத் தோண்டித்தான் வாய்க்கால். கூடு இருக்குன்னு போனா பெர்மிட்ட நிறுத்திருவாங்க. பறவைதானே, வேற எங்கயும் போவாதா?"

"பறவை போகும் சார். முட்டை போகாது."

அவர் சிரிக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டார். கீழக்கரைக்காரர், மூன்று பெண்கள், கடைசிப் பெண்ணுக்கு நிச்சயம் முடிந்திருக்கிறது. கெட்டவர் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும்.

"அந்த டேபிள்ல ஜீரோ போட்டுக் குடுங்க அனந்தகிருஷ்ணன். உங்க விசா ரின்யூவல் பேப்பரும் இங்கனதான் இருக்கு. ஜூலைதானே?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. நினைவூட்டலாகத்தான் சொன்னார். டீ நன்றாக இருந்தது.

13 மே

கையெழுத்துப் போட்டேன்.

14 மே

வயது ஐம்பத்தைந்து. இன்னொரு வேலை கிடைக்காது. தாரிணிக்கு மேற்படிப்பு. கொக்கு அழியும் இனம் இல்லை, உலகத்தில் நிறைய இருக்கின்றன. நான் நிபுணரும் இல்லை. காரணங்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

15 மே

ஹிஃப்ஸா என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், ரெவிஷன் டூ-ல நெஸ்ட்ஸ் ஜீரோன்னு இருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கா?"

"இல்லம்மா."

நின்றாள். வரைபடத்திலும் புள்ளிகளை எடுக்கச் சொல்லி அவளுக்கு மெயில் போயிருக்கிறது. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழிக்கலாம். அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். என் இடத்திலிருந்து திரை தெரியும்.

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

18 மே, ஞாயிறு

தூக்கம் இல்ல. ஏன்டா போட்ட? விசாவுக்கா? அந்தாள் டீ குடுத்தாருன்னா? நெஞ்சு வரைக்கும் தண்ணி வந்தப்போ எண்ணினியே — அது யாருக்காக? ஜீரோவாம். ஜீரோ கூட்டுலேர்ந்து யார் மீனைக் கக்கினது உன் தலைல?

19 மே

ஜலஜா தட்டைப் பார்த்தாள். தோசை அப்படியே இருந்தது. "என்ன ஆச்சு?" என்றாள். சேற்றிலிருந்து கையெழுத்து வரை எல்லாம் சொன்னேன். சேற்றில் மாட்டியதை இருபது நாள் மறைத்ததற்கு முதலில் திட்டினாள். அது கால்மணி நேரம். பிறகு, "போட்டாச்சுல்ல, விடுங்க" என்றாள்.

சரி என்றேன்.

21 மே

காலை காபியோடு கேட்டாள்.

"அந்தக் குஞ்செல்லாம் எப்ப பறக்கும்?"

"ஜூலை கடைசிக்குள்ள எல்லாம் பறந்துடும்."

"டிரெட்ஜர்?"

"ஜூன் ஒண்ணு."

"ரெண்டு மாசம்." கோப்பையைக் கழுவி வைத்தாள். "ரெண்டு மாசம் அவங்களால பொறுக்க முடியாதா?"

"முடியாதாம்."

"என் பள்ளிக்கூடத்துல புருஷனுக்கு நான் விசா ஸ்பான்சர் பண்ணலாமான்னு கேட்டேன். பண்ணலாம்னாங்க. என் ஒரு சம்பளம் வீட்டுக்குக் கட்டாயம் போதாது, அது வேற விஷயம்."

இதை ஒரு கணக்கின் விடையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்குப் போனாள்.

22 மே

நடைமுறை எனக்குத் தெரியும். ஆவணத்தில் தவறு இருந்தால் அடுத்த ரெவிஷன் வெளியிட வேண்டும்.

ரெவிஷன் மூன்று. கூடுகள்: 64. முந்தைய பதிப்பில் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். பங்கேற்றோர் பட்டியலிலிருந்து ஹிஃப்ஸாவின் பெயரை எடுத்தேன். அவளுடைய வரைபடத்தையும் சேர்க்கவில்லை. நானே பேனாவால் ஒன்று வரைந்து ஸ்கேன் செய்தேன். பார்க்க இட்லித்தட்டு மாதிரி இருந்தது.

மதியம் 2.40. கிளையன்ட்டுக்கு ஒன்று, பெர்மிட் கொடுக்கும் அரசு அலுவலகத்துக்கு ஒன்று, பாட்ஷா சாருக்கு நகல். யாரும் கேட்காமல் நானாக அனுப்பிய முதல் ஆவணம் இது. எண் போட்டேன். ரெஜிஸ்டரில் ஏற்றினேன்.

பிறகு டிபன் பாக்ஸைக் கழுவினேன்.

23 மே

பாட்ஷா சார் இன்று டீ சொல்லவில்லை.

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"சரியான நம்பரை அனுப்பினேன் சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க தடுத்திருப்பீங்க."

"தடுத்துத்தான் இருப்பேன்." மேசையிலிருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தார். "கலாஸ், முடிஞ்சு போச்சு. மேலேர்ந்து சொல்லிட்டாங்க. ஒரு மாச நோட்டீஸ். எனக்கும் மெமோ."

அவருக்கு மெமோ வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

2 ஜூன்

நேற்று டிரெட்ஜர் வரவில்லை.

4 ஜூன்

அரசு அலுவலகத்திலிருந்து இளம் அதிகாரி ஒருவர் வந்தார். கந்தூரா அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சுஐபுவின் தோணியில் ஏறினார். கூடுகளைக் காட்டும்படி என்னிடம் சொன்னார். என் இட்லித்தட்டு வரைபடத்தை அவர் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு கூட்டையும் விரல் நீட்டி எண்ணினார். இருபத்திரண்டாவது கூட்டில் ஒரு குஞ்சு அவருடைய தோளில் கக்கியது. வெள்ளைத் துணியில் அந்தக் கறையை அவர் சிறிது நேரம் பார்த்தார்.

"கலாஸ்," என்றார். "நம்புகிறேன்."

11 ஜூன்

ஆகஸ்ட் 15 வரை வேலை நிறுத்தம். அவ்வளவுதான். ரத்து இல்லை, தள்ளிவைப்பு. திட்டில் கிழக்குப் பாதியைத் தோண்டாமல் வாய்க்காலை வளைக்க முடியுமா என்று ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். ஆராய்வார்கள்.

20 ஜூன்

அலுவலகத்தில் கடைசி நாள். கேக்கில் என் பெயரை ஆனந்தகிருஷ்ணன் என்று எழுதியிருந்தார்கள். பாட்ஷா சார் முதல் துண்டை எனக்குக் கொடுத்தார். கண்ணைப் பார்க்கவில்லை, ஆனால் கையை விடச் சற்று நேரமானது.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஹிஃப்ஸா நின்றிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு பேசினாள்.

"அங்கிள், உங்க மேப் ரொம்ப மோசம். ஸ்கேல் இல்ல. நார்த் ஆரோ தப்பு."

"தெரியும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா போட்டுக் குடுத்திருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

லிஃப்ட் வந்தது. அவள் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. கதவு மூடி மேலே போய்விட்டது.

"வாப்பாகிட்ட சொன்னேன்," என்றாள். "உங்களுக்காக துஆ செய்யறாங்க."

நார்த் ஆரோ எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். சொன்னாள்.

26 ஜூலை

ஜலஜாவை அழைத்துப் போனேன். ரகசிய ஒப்பந்தம் என்னைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது, ஆனால் பழக்கத்தில் பெயர் எழுத வரவில்லை. கடும் வெயில், காலை ஏழுக்கே சட்டை நனைந்துவிட்டது.

கூடுகள் காலி. ஒன்பது கூடுகளைக் காகம் சூறையாடியிருக்கிறது. மற்றவை சரியாக நடந்திருக்கின்றன. இளம் கொக்குகள் திட்டைச் சுற்றி ஆழமில்லாத நீரில் நிற்கின்றன. மீன் குத்தப் பழகுகின்றன. பெரும்பாலும் தவறவிடுகின்றன. தவறிய பிறகு வேறு பக்கம் பார்க்கின்றன, மீனைக் குத்தவே இல்லை என்பது போல.

"இவ்வளவுதானா?" என்றாள் ஜலஜா.

"இவ்வளவுதான்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் தோணியிலேயே உட்கார்ந்திருந்தாள். போகலாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

18 ஆகஸ்ட்

டிரெட்ஜர் வந்துவிட்டது என்று சுஐபு போன் செய்தார். மேற்குப் பாதி போயிற்று. கிழக்குப் பாதி நிற்கிறது. வாய்க்காலை வளைத்திருக்கிறார்கள்.

போய்ப் பார்க்கவில்லை.

3 செப்டம்பர்

புது விசா வந்தது. அதில் நான் ஜலஜாவின் கணவன். வேலை செய்ய அனுமதி இல்லை.

சமையல் என் பொறுப்பு. ரசம் சுமார். தாரிணி போனில் சிரிக்கிறாள்.

19 அக்டோபர், ஞாயிறு

அந்த அதிகாரி போன வாரம் கூப்பிட்டார். குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் தேவை, சம்பளம் கிடையாது, மதியம் பிரியாணி உண்டு. மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். தானும் வருவதாகச் சொன்னாள்.

இன்று வேறொரு கோர். இறங்குநீர் காலை ஆறு மணிக்கு. ஹிஃப்ஸா விடுமுறை நாளில் தன் சொந்த ஜி.பி.எஸ்.ஸோடு வந்திருந்தாள். பூநாரைகள் வர ஆரம்பித்துவிட்டன. தூரத்தில், நீரும் வானமும் சேரும் இடத்தில், ஒரு காலில் நின்றன. பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

நான் நாற்பத்தொன்பது என்றேன். ஜலஜா ஐம்பது என்றாள்.

மறுபடி எண்ணினோம். ஐம்பது.